கிள்ளியது உன் அக்கா இல்லை

மகனுக்கு,

உனக்கு நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் உறை பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதைத் தபாலில் போடவில்லை. இந்தப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை காலை ஆறு கடந்து வருகிற லாஞ்ச் படகில் பத்திரிகைக் கட்டு சிரியம் வந்து இறங்கும். உன் எண்ணெய் ஆலைக் குடியிருப்பு லைனில் இருக்கிற சாயாக்கடைக்கு ஒரு பிரதி வரும். நீ படிக்காவிட்டால் என்ன, வேறு எவனாவது உரக்கப் படிப்பான், பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள், அதில் ஒருவனாவது ஓடிவந்து உன் கதவைத் தட்டாமல் இருக்கமாட்டான். அடுத்த வீட்டு அசிங்கம் என்றால் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கரிசனம். இதனால் உன் மானம் சந்தி சிரிக்கும் என்று தெரிந்துதான் செய்கிறேன். என் மானமும் கூடவே போகும். அது போய்ச் சேரவேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது, அதனால் அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

போன சனிக்கிழமை பபேடான் கடைத்தெருவில் பூசாரியின் மகனைப் பார்த்தேன். கிழவர் செத்த பிறகு தொழில் இவன் கைக்கு வந்திருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "மாமா, வர்ற வெள்ளிக்கெழம ஒங்க பேத்திக்குச் சூடு போடப் போறேன். ஒங்க மகன் வந்து சொல்லிட்டுப் போனாரு. பொறந்த புள்ள இடுப்புல நீலம் நீலமாக் கெடக்காம். அவரோட செத்த அக்காக்காரி கட்ட அவுத்துக்கிட்டு வந்துட்டா போலருக்கு" என்றான். எனக்குச் சந்தோஷம் உண்டாக்குவதாக நினைத்துக்கொண்டு, "ஒங்க மகனுக்கு எங்கப்பா போட்டாருல்ல, அதே கம்பிதான் மாமா. பத்திரமா வச்சிருக்கேன்" என்றும் சொன்னான். அன்று மத்தியானமே லாஞ்ச் பிடித்து வந்தேன். உன் மனைவி வாயில் அந்த ஊர் தன்லியின், நம் வாயில் சிரியம். எந்தப் பெயர் சொன்னாலும் உன் கதவு எனக்குத் திறக்கவில்லை. "செத்தாக்கூட வராதீங்கன்னு சொல்லிட்டேன்ல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். நியாயம்தான். உன் கல்யாணத்தன்று உன் மாமியாரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில்கூட அச்சடிக்கமாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அந்தக் குரல் கேட்கிற வரையில் நான் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம். உன் மகளுக்கு இடுப்பில் இருக்கிற நீலம் யாரும் கிள்ளியதால் வந்தது இல்லை. பர்மாக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் முக்கால்வாசிக்குப் பிறக்கும்போதே அது இருக்கும், நாலைந்து வயசுக்குள் தானாகவே மறைந்துவிடும். உன் மனைவி மா மியாவுக்கே இருந்திருக்கும். உன் மாமியார் இதை உன்னிடம் சொல்லியிருப்பாள், நீ கேட்டிருக்கமாட்டாய். ஏனென்றால் சின்ன வயசிலிருந்து உனக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறோம்: நீ கைக்குழந்தையாக இருந்தபோது, செத்துப்போன உன் அக்கா பாக்கியம் பொறாமையில் வந்து உன்னைக் கிள்ளினாள், உன் தொடையெல்லாம் நீலமாகிப்போனது, பூசாரி சூடு போட்டு அவளைக் கட்டிய பிறகுதான் அது நின்றது என்று. மகனே, பாக்கியம் உன்னைக் கிள்ளவில்லை. கிள்ளியது நான்.

உனக்கு அவளைப் பேயாகத்தான் தெரியும். மூன்று வருஷம் பிள்ளையாக இருந்தாள், இருபது வருஷமாகப் பேயாக இருக்கிறாள், பாவம். எனக்கு முனிசிபாலிட்டியில் தெருநாய் சுடுகிற வேலை. நாம் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் லைனில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'நாய்க்காரர்' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அப்பா என்று கூப்பிடமாட்டாள். "நாய்க்காரரே, சோறு திங்க வாங்க" என்பாள். நீ பிறந்த பிறகு உன்னை விட்டு நகரமாட்டாள். தான் மென்ற சோற்றை எடுத்து உன் வாயில் வைத்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்குவாள். ஒரு தடவை நீ விடாமல் அழுத எரிச்சலில் நான் உன் காலில் ஒரு சுண்டு சுண்டினேன். எங்கிருந்து வந்தாளோ, என் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்துவிட்டாள். பல் பதிந்துவிட்டது. அந்த வீட்டில் உனக்காக என்னை எதிர்த்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் உன்னைக் கிள்ள வந்த பேய் என்று சொல்லி வளர்த்தோம்.

ஜெர்மன் சண்டை முடிந்து மூன்றாவது வருஷம், நல்ல மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். உனக்கு அப்போது நாலு மாசம். சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம் வழக்கம். ரயில் பாதையைத் தாண்டி, நாணல் மண்டிய சதுப்பை ஒட்டி நம் ஆட்கள் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் இருந்தது. குழி வெட்டியவன் நான். முழங்கால் ஆழம் வெட்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி மேட்டில் வெட்டுங்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். மழையில் நனைந்திருந்தேன், இடுப்பு வலித்தது, போதும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனால் குழி திறந்து கிடந்தது. நரிகள். என்ன மிச்சம் இருந்தது என்று எழுதமாட்டேன், உன் அம்மா அதைப் பார்த்தாள் என்பது போதும். அவள் அழவில்லை. திரும்பி வருகிற வழியில் ரயில் பாதையில் நின்று என்னைப் பார்த்து, "ஊரு நாயெல்லாம் சுடுறீங்க. பெத்த புள்ளையத் தின்னத சுடத் துப்பில்லையா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். நான் வேலை முடிந்ததும் ஒற்றைக் குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தினமும் பொழுது சாயும் நேரத்தில் அந்த நாணல் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். நாய் சுடுவது வேலையே இல்லை. ரொட்டித் துண்டு போட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும், சுடுகிறவன் கையைக்கூட நக்கும். நரி அப்படி இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்தேன், வாலைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. விஷம் வைத்த கறியைப் போட்டேன். அதைத் தின்று எங்கள் பக்கத்து வீட்டு தோ சேனின் மூன்று நாய்கள் செத்தன. அந்த அம்மாள் பர்மாக்காரி, ஏழு பிள்ளை பெற்றவள், தெருநாய்க்கெல்லாம் சோறு போடுகிறவள். என் தலை தெரிந்தாலே காறித் துப்புவாள். அடுத்து ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டிப் பார்த்தேன். கத்தும், கத்தினால் வரும் என்று நினைத்தேன். அது சமர்த்தாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்க் குழம்பு வைத்துவிட்டான். பிறகு வாயில் இலையை வைத்துக்கொண்டு குட்டி கத்துகிற மாதிரி நானே கத்திப் பழகினேன். தோ சேன் அதைக் கேட்டுவிட்டு லைன் முழுவதற்கும் நடித்துக் காட்டினாள். நாய்க்காரன் ஆட்டுக்குட்டியாகிவிட்டான் என்று சிரித்தார்கள்.

ஒருநாள் மாலை உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் குழிக்கு விளக்கு வைக்க வந்தாள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு செங்கல் குவியலுக்குப் பின்னால் இருந்தேன். நீ பசியில் வீறிட்டாய். அப்போது நாணலுக்கு நடுவில் இரண்டு காதுகள் எழும்புவதைப் பார்த்தேன். அத்தனை நாளில் முதல் தடவை. நீ அழ அழ அந்தக் காதுகள் நெருங்கி வந்தன. உன் அம்மா உட்கார்ந்து உன்னை மார்பில் சேர்த்துக்கொண்டாள், நீ ஓய்ந்தாய், காதுகள் மறைந்துவிட்டன. அங்கேயே, அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். யோசித்தேன், தயங்கினேன், மனசு கேட்கவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். நல்ல யோசனை என்றுதான் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, "பையனக் கொஞ்சம் காத்தாடத் தூக்கிட்டுப் போறேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்து நான் உன்னைத் தூக்கினதில்லை. அவள் முகம் ஒரு நொடியில் மாறிவிட்டது. ஒரு மாசத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "தலைய நல்லாப் புடிச்சுக்கங்க. ஈரக் காத்து, துணியப் போத்துங்க" என்றாள். உன் நெற்றியில் மையிட்டுக் கொடுத்தாள். துப்பாக்கியை முன்னாலேயே கொண்டுபோய்ச் செங்கல் குவியலில் மறைத்து வைத்திருந்தேன். காற்று என் முகத்துக்கு நேராக அடித்தது, என் வாடை நாணலுக்குப் போகாது. ஒரு கோணிப்பையை விரித்து உன்னைப் பக்கத்தில் படுக்க வைத்தேன். நீ அழவில்லை. மேலே பறந்த கொக்குகளைப் பார்த்துக்கொண்டு கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். பொழுது போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் துணியை விலக்கி, உள் தொடையில், சதை மெத்தென்று இருக்கிற இடத்தில், இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன்.

நீ உடனே அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். இது என்ன என்று புரிந்துகொள்ள முயற்சி செய்வதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு உதடு பிதுங்கியது, அழுதாய். குரல் இறங்கினபோது மறுபடி திருகினேன். நாணல் அசைந்தது. நரி பதுங்கிப் பதுங்கி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி வரவில்லை. நேராக, ஓட்டமும் நடையுமாக, வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இருபது முழம் தள்ளி நின்று தலையைச் சாய்த்தது. என்னைப் பார்க்கவே இல்லை, அழுகிற உன்னைத்தான் பார்த்தது. தொண்டைக்குள் ஒரு மெல்லிய முனகல் மாதிரி சத்தம் கொடுத்தது. நான் சுட்டேன். உன் காதுக்குப் பக்கத்தில் வெடித்திருக்கிறது, நீ அழுகையை நிறுத்திவிட்டாய், மூச்சையும் நிறுத்திவிட்டாயோ என்னவோ தெரியாது. நான் உன்னைப் பார்க்கவில்லை. எழுந்து நரியிடம் ஓடினேன். செத்துக் கிடந்ததைக் காலால் புரட்டினேன். பெட்டை. மடியெல்லாம் பால் கட்டி, காம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி போட்டு ரொம்ப நாள் ஆகியிருக்காது. ஒரு தோட்டாவில் ஒரு குடும்பமே முடிந்தது என்று சிரித்தேன். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தேன் மகனே. அது உன்னைத் தின்ன வந்ததா, தன் குட்டி என்று நினைத்து ஓடி வந்ததா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. குழந்தை அழுதபோது ஓடி வந்தது அது, அழ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது நான். இந்த ஒன்று மட்டும் தெரிகிறது.

நரியைத் தோளில் போட்டுக்கொண்டு, உன்னை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு லைனுக்குள் நுழைந்தேன். ஊர் கூடிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த லைனில் ஒன்றா இரண்டா. பெண்கள் வந்து செத்த நரியை விளக்குமாற்றால் அடித்துவிட்டுப் போனார்கள். உன் அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயைத் திறந்து பற்களைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். "பாக்கியத்துக்கு நியாயம் கெடச்சிருச்சுங்க" என்று என் காலைத் தொட்டாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நீ ஒருவேளை நம்புவாய், நானே பல வருஷம் நம்பினேன். ஆனால் அவள் தூங்கின பிறகும் நான் நிறுத்தவில்லையே. கோவில் கமிட்டி வேட்டி கட்டி மாலை போட்டது. 'நாய்க்காரர்' போய் 'நரிக்காரர்' ஆனேன். சாயாக்கடையில் எழுந்து இடம் விட்டார்கள். நரியை எப்படி அய்யா கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள், அது ஒரு வித்தை என்று மீசையைத் தடவிக்கொள்வேன். புகழ்கிறவர்கள் கூடும்போது உன் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள். என் கையில் நீ இருந்தாய்.

இரண்டு மாசத்தில் பதினொரு நரி. அதாவது உன்னை அங்கே எத்தனை தடவை தூக்கிப்போயிருப்பேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், ஒவ்வொரு தடவையும் நரி வராது. நாலாவது தடவைக்குப் பிறகு அவை சுதாரித்துக்கொண்டன, நான் இருக்கிற பக்கம் நெருங்கவில்லை. அதனால் உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், தள்ளி, திறந்த வெளியில், கோணிப்பையில் தனியாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கிள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஒருதடவை என் குறி தப்பி நரி உன்னிடம் எட்டு முழத்துக்குள் வந்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவன், தோட்டாவை மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன். கடைசியில் நீ, நான் தூக்க வந்தாலே அழ ஆரம்பித்தாய். உன் அம்மா, "புள்ள ஒங்களக் கண்டாலே ஏங்க இப்புடிப் பதறுது?" என்று கேட்டாள். துப்பாக்கி மருந்து வாடை பிடிக்கவில்லை போல என்றேன்.

எண்ணெய் தேய்க்கும்போது ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். இரண்டு தொடையிலும் பழைய நீலம், புது நீலம், மஞ்சளாக வடிந்தது எல்லாம் இருந்தது. லைன் பெண்கள் கூடினார்கள். வெளியாள் யாரும் குழந்தையைத் தொடுவதில்லை, வீட்டில் மூட்டைப்பூச்சி இல்லை, அப்படியென்றால் இது யார் வேலை? நரி தோண்டிப் போட்ட உடம்பு, ஆத்மா அடங்காது, தாய்ப்பால் குடிக்கிற தம்பியைப் பார்த்து மூத்தவளுக்குப் பொறாமை, அவள்தான் வந்து கிள்ளுகிறாள் என்று முடிவு கட்டினார்கள். நான் வாசலில் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஆள் உண்மையைச் சொன்னாள். தோ சேன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "அம்மா, நின் புருஷன் பண்ணது. நான் புல்லு வெட்டப் போச்சு, கண்ணுல பாத்துச்சு. கலே நாதே, கலே நாதே" என்று தன் தொடையைக் கிள்ளிக் காட்டினாள். குழந்தைக்கு வலிக்கிறது என்று அவள் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாய் செத்த வயித்தெரிச்சல்ல பேசுறா" என்றேன். அவ்வளவுதான், உன் அம்மா அவள் தலைமயிரைப் பிடித்துவிட்டாள். விலக்கிவிட்டவர்கள் தோ சேனைத்தான் அடித்துத் துரத்தினார்கள். அந்தம்மாள் போகும்போதுகூட உன்னைக் காட்டித்தான் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். அவளுடைய கடைசிப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. உன் மகளுக்கு இருக்கிற அதே நீலம் அதன் இடுப்பில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவளை எங்கே வேண்டுமானாலும் தேடிப்போய்க் கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை பூசாரி வந்தார். கரியை மூட்டிக் கம்பியைக் காய்ச்சி, உன் தொப்புளுக்குக் கீழே இரண்டு சூடு போட்டார். அந்தத் தழும்பு உனக்கு இருக்கிறது, குளிக்கும்போது தினமும் பார்க்கிறாய். பிறகு லைன் கோடியில் இருந்த புளிய மரத்தில் பாக்கியத்தைக் கட்டினார். கட்டுவதென்றால் சும்மா ஆணி அடித்தால் ஆகாதாம். பெற்றவள் மரத்தைப் பார்த்து மூன்று தடவை, 'நீ என் பிள்ளை இல்லை, என் வாசலுக்கு வராதே' என்று சொல்லவேண்டுமாம். ஒவ்வொரு தடவைக்கும் ஓர் ஆணி. உன் அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை வாய் வரவில்லை. "பச்சப் புள்ள சாமி. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகட்டுமே" என்று பூசாரியிடம் கெஞ்சினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னேன். "சொல்லுடி, சொல்லித் தொல" என்றேன். சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் உன்னைத் தூக்கிப் போகவில்லை. உன் அம்மா கண்கொத்திப் பாம்பாக உன்னைக் காத்துக்கொண்டிருந்தாள், தூக்கிப் போகவும் முடியாது. ஆகவே நீலம் மறைந்தது. ஊரெல்லாம் பூசாரியின் கம்பி வேலை செய்துவிட்டது என்று சொன்னது. அவருக்கு அன்றிலிருந்து நல்ல காலம். எத்தனை பிள்ளைகளுக்கு அதே கம்பியால் சூடு போட்டாரோ, எனக்குத் தெரியாது, ஒவ்வொன்றிலும் எனக்குப் பங்கு உண்டு. நீயும் அதைத்தானே நம்புகிறாய்? எனக்குப் போட்டார்கள், நின்றுவிட்டது, என் மகளுக்கும் போட்டால் நின்றுவிடும் என்று. நின்றது கம்பியால் இல்லை. ஒரு காரியம் பலித்துவிட்டது என்பதற்காக அது உண்மை என்று நம்பாதே. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான். நல்ல தகப்பனாக இரு என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ வளர்ந்த பிறகு பாக்கியத்தை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். சாப்பிட அடம் பிடித்தால், "அக்கா வருவா" என்பேன். பள்ளிக்கூடத்துக்குப் போக அழுதால், "புளிய மரத்து ஆணியப் புடுங்கிவிட்டுறவா?" என்பேன். நீ அந்த மரத்துக்குப் பயந்து ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். காய்ச்சல் வந்தால், "அக்கா வேணாம், அக்கா வேணாம்" என்று பிதற்றுவாய். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன் என்று நினைக்காதே. சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கோவிலில் முதல் தீபாராதனைத் தட்டு என்னிடம் வந்துகொண்டிருந்தது. அது போதுமாக இருந்தது.

உன் அம்மா போவதற்கு முந்தின நாள் மத்தியானம், நீ டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தபோது, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஏங்க, அங்க போனா அவ இருப்பாளா? என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவாளா?" என்று கேட்டாள். மரத்தில் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயில் எடுத்ததில்லை. அப்போதும் எடுக்கவில்லை, 'அவ' என்றுதான் சொன்னாள். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அது. சொல்லியிருந்தால் என்னைச் சபித்துவிட்டுப் போயிருப்பாள், ஆனால் மகளைப் பார்க்கிற ஆசையோடு போயிருப்பாள். எனக்கு அந்தச் சாபத்தை வாங்கிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. "பேசாமத் தூங்கு" என்றேன். பயந்துகொண்டேதான் போனாள். அந்த முகத்தை நீ வந்து பார்த்தாய், வலி என்று நினைத்தாய்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்கவேண்டியவர்கள் இரண்டு பேரும் இல்லை, நீ கொடுக்கவும் வேண்டாம். என் கதவும் உன் கதவும் இப்படியே இருக்கட்டும். கோவில் கமிட்டிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் செய்வதைச் செய்யட்டும். எனக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை உன் வீட்டில் கரி மூட்டக்கூடாது, அது ஒன்றுதான். பூசாரி மகன் வந்தால் திண்டாடாமல் இந்தத் தாளை அவன் கையில் கொடு. உன் மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்து, நீலத்தைக் காட்டி, இது என்ன என்று ஒரு தடவை மரியாதையாகக் கேள்.

இதற்கு மேலும் உனக்குப் பாக்கியத்தின் மேல்தான் சந்தேகம், தகப்பன் மேல் இல்லை என்றால், நடக்கப்போவது என்ன என்று தெரிந்துகொண்டு செய். சூடு போடும்போது குழந்தை துள்ளும். கம்பி விலகிவிடும். அதனால் பூசாரி பெற்ற தகப்பனைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வார், தாயால் முடியாது என்று. உன்னைப் பிடித்துக்கொண்டவன் நான். ஒரு கையால் உன் இரண்டு காலையும் அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையை உன் நெஞ்சில் வைத்திருந்தேன். முதல் சூடு விழுந்ததும் உன் கை காற்றில் துழாவியது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடியது. என் கட்டைவிரல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டாய். இரண்டாவது சூடு விழுந்து, அழுது, மூச்சு வாங்கி, ஓய்ந்து தூங்கிப்போகிற வரைக்கும் நீ அதை விடவில்லை. வெள்ளிக்கிழமை உன் மகளும் உன் விரலைத்தான் பிடித்துக்கொள்வாள்.